ராக்கப்பன் மாஸ்டரின் அரை இஞ்சு

ராக்கப்பனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் எழுதுவதைப் படித்துவிட்டு, நீலா அந்த மனுஷனுக்குக் கோயில் கட்டுகிறாள் என்று யாரும் பேசக்கூடாது.

துபாய் சத்வாவில் எங்கள் வில்லாவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு சலூனுக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவே இருந்த தையல் கடையில் அவர் கட்டிங் மாஸ்டர். லைசென்ஸ் கஃபீல், அதாவது அரபி ஸ்பான்சர், பெயரில் இருந்தது. கஃபீலை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. உள்ளே எல்லாம் ராக்கப்பன் ராஜ்யம்தான். திருவாடானைப் பக்கம் ஏதோ ஒரு ஊர். எண்பத்தைந்தில் வந்தவர். மனைவி சரசு ஊரில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் லீவு. "இருவது வருசத்துல சரசுகூட நான் இருந்தது இருவது மாசம்" என்று ஒருமுறை சொன்னார். ஏதோ துணியின் நீளத்தைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

வாய் மட்டும் சகிக்காது. கடை நிறையப் பெண்கள் காத்திருக்கும்போது, "ஏம்மா, போன வருசத்துக்கு இடுப்பு ரெண்டு இஞ்சு ஏறிருச்சு. ராத்திரி சோத்தக் கொறைங்க" என்பார். முகம் சிவந்து வெளியே வந்த பெண்கள் எத்தனையோ பேர். ஆனாலும் அடுத்த மாதம் அதே கடைக்குத்தான் வருவார்கள். அவர் வெட்டிய துணி உடம்பில் உட்காருவதுபோல வேறு எங்கேயும் உட்காராது. எங்கள் மகள் விஜிக்கு ஒன்றாம் வகுப்பு யூனிஃபார்மில் இருந்து அவர்தான் தைத்தார்.

இரண்டாயிரத்து நான்கு மார்ச். இங்கே இந்தியப் பள்ளிக்கூடங்கள் ஏப்ரலில் திறக்கும். விஜிக்குப் பன்னிரண்டு வயது, பெரியவளாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. புது யூனிஃபார்முக்கு அளவு கொடுக்கக் கூட்டிக்கொண்டு போனேன். ராக்கப்பன் தோளிலிருந்து இடுப்புவரை டேப்பைப் பிடித்தார். மறுபக்கமும் பிடித்தார். திரும்பவும் முதல் பக்கம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது முறையும் பார்த்தார். பிறகு, பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு மலையாளிப் பெண்களுக்கும் கேட்கும்படி வாயைத் திறந்தார்.

"அம்மா, பாப்பாவுக்கு வலது தோளு ஒசந்துருக்கு. முதுகுலயும் வலப்பக்க எலும்பு தூக்கிக்கிட்டு நிக்குது. ரெண்டு பக்கத்துக்கும் அரை இஞ்சு வித்தியாசம் வருது. டாக்டர்ட்ட காட்டுங்க."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "உன்னை அளவெடுக்கச் சொன்னேனா, என் பொண்ணு முதுகை ஆராயச் சொன்னேனா? வயசுக்கு வந்த புள்ளையை இப்படித்தான் பார்ப்பியா? இன்னொரு தடவை அவ உடம்பைப் பத்தி வாயைத் திறந்தே, போலீஸ்ல சொல்லி ஊருக்கு அனுப்பிருவேன்."

நீ, வா, போ என்றுதான் பேசினேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மெஷின்காரர்கள் இருவரும் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ராக்கப்பன் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "சரிங்க மேடம்" என்றார். அதுவரை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். விஜியின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பாலகுருவிடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர், அல் கூஸில் ஏசி டக்ட் கம்பெனியில் எஸ்டிமேட் போடுகிறவர். அவரிடம் சொன்னால் கடைக்குப் போய்ச் சண்டை போடுவார், ஊரெல்லாம் தெரியும், பெண் குழந்தைக்கு ஒரு பெயர் வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையை ஒரே தோளில் மாட்டுகிறாள், அதனால்தான் என்றும் சொல்லிக்கொண்டேன். அன்றிலிருந்து விஜியைப் பார்க்கும்போதெல்லாம் "நேரா நில்லு", "கூனாதே" என்று கரித்துக்கொட்டினேன்.

ராக்கப்பனிடம் இனிமேல் போவதில்லை என்று சபதம் போட்டு, கராமாவில் ஒருவரிடம் சுடிதார் தைக்கக் கொடுத்தேன். ஒரு பக்கம் ஏறி, கழுத்து இழுத்துக்கொண்டு நின்றது. அவரையும் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு, அடுத்த வருஷ யூனிஃபார்முக்கு வெட்கமில்லாமல் பழைய கடைக்கே போனேன். ராக்கப்பன் வாயைத் திறக்கவில்லை. அளவெடுத்தார், நோட்டில் எழுதினார், நாள் சொன்னார். அந்த யூனிஃபார்ம் விஜிக்கு அச்சில் வார்த்ததுபோல் நின்றது. பொங்கலுக்குப் பட்டுப்பாவாடை சட்டை தைத்தோம். அதுவும் அப்படியே. பார்த்தாயா, தோளாவது எலும்பாவது, அந்த ஆளுக்குத்தான் கண் கோணல் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரத்து ஆறு ஏப்ரலில் பள்ளிக்கூடம் யூனிஃபார்மை ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிட்டது. எல்லாம் ரெடிமேட். வாங்கி வந்து விஜிக்குப் போட்டுப் பார்த்தால் சட்டை ஒரு பக்கம் தூக்கி, காலர் தோளைவிட்டு நழுவி, பாவாடை இரண்டு விரல் ஏற்ற இறக்கம். எடுத்துக்கொண்டு போய்க் கவுண்டரில் கத்தி மாற்றினேன். அடுத்ததும் அப்படித்தான். மூன்றாவது முறை விஜியையே கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பிலிப்பினோப் பெண் சின்னவள், இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். என் கத்தலையெல்லாம் கேட்டுக்கொண்டே வெளியே வந்து, விஜியைக் குனியச் சொன்னாள். பின்னால் நின்று பார்த்தாள். "மேடம், யூனிஃபார்ம் ஓகே. பேபி நாட் ஓகே" என்றாள்.

நானும் பார்த்தேன். குனிந்த முதுகில் வலது பக்கம் மட்டும் விலா எலும்புகள் மேடு கட்டி நின்றன. இரண்டு வருஷமாக நான் குளிப்பாட்டாத, தொட்டுப் பார்க்காத முதுகு அது.

எக்ஸ்ரேயில் முதுகெலும்பு நடுவே வளைந்து கிடந்தது. நாற்பத்தாறு டிகிரி. டாக்டர் ஈராக்காரர், சிரிக்கத் தெரியாதவர், ஆனால் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். யாரும் காரணம் இல்லை, பையும் காரணம் இல்லை, உட்காரும் விதமும் காரணம் இல்லை, வளரும் வயதில் சில பெண்களுக்கு இப்படி வரும் என்றார். பன்னிரண்டு வயதில் தெரிந்திருந்தால் இடுப்பிலிருந்து அக்குள்வரை ஒரு பெல்ட் போட்டு நிறுத்திப் பார்த்திருக்கலாம், இப்போது அதற்கு நாள் கடந்துவிட்டது என்றார்.

"இத்தனை நாளா எப்படிங்க தெரியாமப் போச்சு?" என்று பாலகுரு என்னைக் கேட்டார். பெண்டாட்டியை 'ங்க' போட்டுப் பேசினால் அவருக்கு உள்ளே கொதிக்கிறது என்று அர்த்தம்.

"அந்த டெய்லர் மறைச்சு மறைச்சுத் தச்சிருக்கான்" என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் அதுவரை சொன்னதில்லை. பாலகுரு நேராகக் கடைக்குப் போனார். சட்டையைப் பிடிக்காத குறை. "எம் பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துட்டியேடா" என்று தெருவே கூடும்படி கத்தியிருக்கிறார். ராக்கப்பன் கத்தரியைக் கீழே வைக்காமலே, "உங்க வீட்டுல கேட்டுக்கங்க சார்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டாராம். "என்ன திமிர் பாரு அவனுக்கு!" என்று வீட்டுக்கு வந்து பாலகுரு குதித்தார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த முறை போனபோது டாக்டர் விஷயத்துக்கு வந்தார். விஜிக்கு இன்னும் ஒரு வருஷ வளர்ச்சி பாக்கி இருக்கிறது. வளைவு நாற்பத்தாறிலேயே நின்றிருந்தால் ஆறு மாதம் பொறுத்து இன்னொரு எக்ஸ்ரே எடுக்கலாம், ஆபரேஷனே வேண்டாம் என்றுகூட ஆகலாம். வளைவு கூடிக்கொண்டே ஓடினால் பொறுக்கக்கூடாது. இப்போது செய்தால் முதுகின் மேல்பாதி எலும்புகளை மட்டும் ஸ்க்ரூ போட்டு, கம்பியில் கட்டி, ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்தால் போதும். கீழே இடுப்பு தன் பாட்டுக்கு வளையும். தாமதித்தால் கம்பி இடுப்புவரை இறங்கும், பிறகு வாழ்நாள் முழுக்க அவளால் சரியாகக் குனிய முடியாது.

"ஓடுகிறதா, நிற்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். பழைய எக்ஸ்ரே இருக்கிறதா?"

இல்லை. போட்டோ? வருஷா வருஷம் எடுத்த கிளாஸ் போட்டோக்களைக் கொண்டுபோயிருந்தோம். எல்லாவற்றிலும் விஜி கொடிக்கம்பம்போல நேராக நின்றாள். எல்லாம் ராக்கப்பன் கைவேலை. தோளுக்குள் மெல்லிசாகப் பஞ்சு வைத்து, ஒரு பக்கம் நீளமாக வெட்டி, மடிப்பைத் தள்ளி வைத்து, எக்ஸ்ரே ஒன்றைத் தவிர வேறு எதுவும் கண்டுபிடிக்க முடியாதபடி மூடியிருந்தார்.

"அப்போ ஆறு மாசம் பாக்கலாம் டாக்டர்" என்றார் பாலகுரு அவசரமாக. அவருக்கு ஆபரேஷன் என்றாலே நடுக்கம். முதுகில் கத்தி வைத்தால் கால் விழுந்துவிடும் என்று ஆபீசில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஊரிலிருந்து அவர் அண்ணன் எண்ணெய் வைத்தியம் பற்றி போன் மேல் போன்.

ஓடுகிறதா நிற்கிறதா என்று எழுதிவைத்த இடம் துபாயில் ஒன்றுதான் இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். நாலாம் நாள் சாயங்காலம் கடைக்குப் போனேன்.

"என்ன மேடம், தைக்கவா?" ராக்கப்பன் நிமிரவில்லை.

"விஜி அளவு எழுதின நோட்டு வேணும்."

"எதுக்கு? போலீஸ்ல காட்டவா?"

"டாக்டர்கிட்ட காட்ட."

விரித்திருந்த துணியை முனைவரை வெட்டி முடித்தார். மடித்தார். அதன்மேல் கத்தரியை வைத்தார். என்னை நிற்கவைத்தே இவ்வளவும் செய்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு தடவை சொன்னீங்கல்ல? அப்புறம் ரெண்டு வருஷமா ஏன் வாயே திறக்கல? மறைச்சு மறைச்சுத் தச்சுக் குடுத்தீங்களே, உங்க மகளா இருந்தா இப்படிச் செய்வீங்களா?"

"என் மகளா இருந்தா என்னையப் போலீசுல குடுப்பேன்னு யாரும் சொல்லிருக்க மாட்டாக" என்றார். பிறகு, குரல் கொஞ்சம் இறங்கி, "எனக்கும் ரோசம் இருக்கு மேடம். பேசக்கூடாதுன்னீக, பேசல. ஆனா கோணலாவே தச்சுக் குடுத்துருக்கணும். குடுத்துருந்தா அன்னைக்கே உங்க கண்ணுல பட்டிருக்கும். கை வரமாட்டேங்குது. நேரா தொங்கணும்னே வெட்டிப் பழகுன கை. அது எந் தப்பு. நான் இல்லேங்கல. மொதத் தப்பு எனதில்ல."

எனக்கு அவரை அறையவேண்டும்போல் இருந்தது. அவர் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம்.

அலமாரியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து மேஜையில் போட்டார். "ஒரு தாளு கொறையக்கூடாது. முந்நூறு பேரு அளவு இருக்கு."

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பிரித்தேன். விஜிக்கென்று ஒரு பக்கம். இரண்டாயிரத்து நான்கு மார்ச், வலதுக்கும் இடதுக்கும் அரை இஞ்சு வித்தியாசம். இரண்டாயிரத்து ஐந்து மார்ச், முக்கால். அதே வருஷம் டிசம்பர், பட்டுப்பாவாடைக்கு எடுத்தது, ஒன்றே முக்கால். முதல் வருஷம் கால் இஞ்சு நகர்ந்தது, பிறகு ஒன்பது மாதத்தில் ஒரு இஞ்சு ஓடியிருக்கிறது. டாக்டர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

முதல் அளவுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. "தாயாரிடம் சொன்னேன். ஏசிவிட்டார். இனி சொல்லக்கூடாது."

அந்த வரியை மட்டும் எப்படி இல்லாமல் செய்வது என்று யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் இவ்வளவு எழுதியதற்கு அர்த்தமில்லை. கடைசியில், எண்களை மட்டும் ஒரு வெள்ளைத்தாளில் அழகாக எழுதிக்கொண்டேன். நோட்டைக் கைப்பையின் அடியில் போட்டேன்.

டாக்டர் அறையில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். தாளை நீட்டினேன். டாக்டர் படிப்பதற்குள் பாலகுரு எட்டிப் பார்த்தார்.

"இது உன் கையெழுத்து. எப்ப எழுதினே?"

"டெய்லர் நோட்டுல இருந்து எடுத்தேங்க."

"அவன் சொன்னானாம், இவ எழுதினாளாம். அதை நம்பி எம் பொண்ணு முதுகை வெட்டணுமா?" டாக்டரிடம் திரும்பி ஆங்கிலத்தில், இது நேற்று எழுதினது, இதற்கு மதிப்பில்லை, ஆறு மாதம் பொறுக்கலாம் என்றார். டாக்டரும் தாளை என் பக்கம் தள்ளினார். தேதி போட்ட அசல் இல்லாமல் இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். எக்ஸ்ரேயை உறையில் போட ஆரம்பித்தார். ஆறு மாதம் என்று எழுதப் பேனாவைத் திறந்தார்.

விஜி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில்கூட ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் அவளால் உட்கார முடிந்தது.

கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து, டாக்டருக்கும் பாலகுருவுக்கும் நடுவில் வைத்தேன்.

டாக்டர் முன்னும் பின்னும் புரட்டினார். மற்றவர்களின் அளவுகள், வரிசையாகத் தேதிகள், வேறு வேறு பேனாக்கள், மங்கிப்போன மை. எது வலது, எது இடது என்று கேட்டு மூன்று எண்களையும் விரல் வைத்துப் பார்த்தார். பாலகுரு எண்களைப் பார்க்கவில்லை. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியும். அந்தச் சின்ன வரியிலேயே நின்றுவிட்டார்.

"கீழே என்ன எழுதியிருக்கிறது?" என்றார் டாக்டர்.

நான்தான் சொன்னேன். இரண்டு வருஷத்துக்கு முன்பே டெய்லர் கண்டுபிடித்து என்னிடம் சொன்னார், நான் அவரைத் திட்டி வாயை அடைத்தேன் என்று, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அறையில் உட்கார்ந்ததைவிடச் சின்னவளாக நான் வேறெங்கேயும் உட்கார்ந்ததில்லை.

டாக்டர் ஆறுதலும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. டேப் எக்ஸ்ரே ஆகாது, ஃபைலில் வைக்க முடியாது, ஆனால் இதைப் பார்த்த பிறகு நான் ஆறு மாதம் காத்திருக்க மாட்டேன் என்றார். அடுத்த வாரமே எடுத்த எக்ஸ்ரே நாற்பத்தொன்பது காட்டியது. ஆபரேஷன் ஜூன் ஆறு என்று எழுதினார். மேல்பாதியோடு நிறுத்திவிடலாம் என்றார்.

காரில் வரும்போது பாலகுரு ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "அந்த மனுஷனை நான் அடிக்கப் போனேன்." அதற்குப் பிறகு என்னிடம் உப்பு, சாவி, பால் என்று தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

நோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ராக்கப்பன் வாங்கினார். வேறு எதையும் பார்க்காமல் நேராக விஜி பக்கத்தைப் பிரித்துப் பார்த்தார்.

"கிழிச்சிருப்பீகன்னு நெனச்சேன்" என்றார்.

"நான் அப்படிப்பட்டவ இல்ல."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "என்னைக்கு?" என்றார். ஜூன் ஆறு என்றேன். "சரி." மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வாய்வரை வந்தும்விட்டது. அதற்குள் அவர் எனக்குப் பின்னால் நின்றவளிடம், "கை சுத்து பெருத்துருச்சும்மா, பழைய அளவு ஆவாது" என்று ஆரம்பித்துவிட்டார். வெளியே வந்துவிட்டேன். இன்றுவரை நான் கேட்கவும் இல்லை, அவர் எதிர்பார்த்ததாகவும் தெரியவில்லை.

ஆபரேஷன் ஆறரை மணி நேரம். இரண்டு கம்பி, பதினாறு ஸ்க்ரூ. கழுத்துக்குக் கீழிருந்து இடுப்புக்கு மேல்வரை ஒரு நேர்க்கோடாகத் தையல். நினைவு வந்ததும் டாக்டர் முதலில் கால்விரலை அசைக்கச் சொன்னாராம். பத்து விரலும் அசைந்தன என்று வெளியே வந்து சொன்னபோது பாலகுரு வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். விலகிப் போகவில்லை. அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் விஜியை நடக்கவைத்தார்கள். ஒரு பக்கம் நர்ஸ், ஒரு பக்கம் நான். ஒன்றரை இஞ்சு உயர்ந்திருந்தாள். அவள் கண் என் கண்ணுக்கு நேராக வந்திருந்தது. வார்டு வராந்தாவில் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தாள். மனதில் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"விஜி, அன்னைக்குக் கடையில மாஸ்டர் சொன்னது உனக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"ம்."

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? என்கிட்டயாவது கேட்டிருக்கலாம்ல?"

இன்னும் இரண்டு அடி வைத்தாள். மூச்சு வாங்கியது.

"நீ மாஸ்டரை அவ்ளோ ஷவுட் பண்ணினே. எனக்கும் அப்படித்தான் விழும்னு நெனச்சேன். அதான் நீ பாக்கறப்ப எல்லாம் ஸ்ட்ரெய்ட்டா நிக்க ட்ரை பண்ணேன்மா. டெய்லி கண்ணாடி முன்னாடி பிராக்டிஸ்கூடப் பண்ணேன். டூ இயர்ஸ். வரவே இல்ல."

நர்ஸ் கதவுவரை போய்த் திரும்பச் சொன்னாள். விஜி நடந்தாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.